எலும்பு கட்டும் செல்களும் பெயரில்லா மாத்திரையும்



தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ள தீர்த்தமலையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே இராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்று ஐந்து தீர்த்தங்கள் உண்டு. பாறையிலிருந்து விழும் நீரில் தலையை நனைக்க வேண்டுமானால் படியேறித்தான் ஆகவேண்டும். உங்கள் வயதினர் இரண்டிரண்டு படிகளாகத் தாவிப் போய்விடுவார்கள். வயதானவர்களோ பத்துப் படிக்கு ஒருமுறை நின்று முழங்காலைப் பிடித்துக்கொள்வார்கள்.

அப்படி நிற்பவர் உங்கள் பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலி, முதுகும் விறைத்துப் போயிருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் யாரோ ஒருவர் யோசனை சொல்கிறார். "கடையில் போய் வலிக்கு மாத்திரை என்று கேளுங்கள், கொடுப்பார்கள்." காகிதத்தில் மடித்த நான்கைந்து மாத்திரைகள் வருகின்றன. அவற்றின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது. பாட்டி முன்போல் நடக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், முகம்கூடச் சற்றுப் பூசினாற்போல் தெரிகிறது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. மாத்திரை தீர்ந்ததும் மறுபடியும் அதே கடை.

இது நல்லதா? நல்லதல்ல என்பது என் கருத்து. அந்தச் சிறிய மாத்திரைகளில் ஒன்று செயற்கை ஹார்மோனாக இருக்கலாம். அது வலியை அடக்குகிறது. அதே வேளையில் எலும்பைக் கட்டும் செல்களையும் அடக்குகிறது. வலி போனது உடனே தெரிகிறது. எலும்பு போவது தெரிவதில்லை. இந்தப் பழக்கத்தை நிறுத்தும் வேலையில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். முதலில் எலும்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

எலும்பு ஓர் உயிருள்ள கட்டடம்

ஆய்வுக்கூடத்தில் தொங்கும் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பழகிய நமக்கு, எலும்பு என்றால் காய்ந்த கட்டை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உடலுக்குள் இருக்கும் எலும்போ இரத்தம் ஓடும் திசு. அதில் மூன்று வகைச் செல்கள் வேலை செய்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் என்பவை எலும்பைக் கட்டுபவை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்பவை பழைய எலும்பை அரித்து எடுப்பவை. ஆஸ்டியோசைட் என்பவை, கட்டி முடித்த எலும்புக்குள்ளேயே தங்கிக் காவல் பார்ப்பவை. எங்கே விரிசல், எங்கே பளு அதிகம் என்று செய்தி அனுப்புவது இவற்றின் வேலை.

பழைய வீட்டைப் பழுது பார்க்கும்போது உளுத்த பகுதியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் அல்லவா? எலும்பிலும் அப்படித்தான். ஓரிடத்தை அரித்து எடுக்கச் சில வாரங்கள் போதும். அதே இடத்தைக் கட்டி முடிக்கச் சில மாதங்கள் ஆகும். வளர்ந்த ஒருவருடைய எலும்புக்கூட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 சதவீதம் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. அரிப்பது விரைவு, கட்டுவது தாமதம் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எலும்பு கட்டும் செல்கள் முதலில் கொலாஜன் என்னும் புரத நார்களைப் பின்னுகின்றன. பிறகு அந்த நார்களின்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்கள் படிகின்றன. கம்பி கட்டிக் காங்கிரீட் போடுவதுபோல. நார் வளைந்து கொடுக்கும். படிகம் உறுதி தரும். இரண்டும் சரியான அளவில், சரியான ஒழுங்கில் அமைந்தால்தான் எலும்பு தாங்கும்.

இந்தச் செல்கள் எலும்பு மச்சையில் உள்ள ஒரு வகை மூலச் செல்களிலிருந்து பிறக்கின்றன. அந்த மூலச் செல்லுக்கு முன் இரண்டு வழிகள் உண்டு. அது எலும்பு கட்டும் செல்லாகவும் ஆகலாம், கொழுப்புச் செல்லாகவும் ஆகலாம். எந்த வழியில் போகவேண்டும் என்று சொல்பவற்றுள் ஹார்மோன்களும் அடங்கும்.

உங்கள் வயதுக்கு இதில் தனிச் சிறப்பு இருக்கிறது. உயரம் மளமளவென்று கூடும் காலத்தை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில், வளர்ந்த மனிதருக்குரிய எலும்புத் தாதுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சேர்ந்துவிடுகிறது. நீங்கள் எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் படிக்கும்போது உடல் இட்டுவைக்கும் இந்த வைப்புநிதியைத்தான் அறுபது வயதில் எடுத்துச் செலவு செய்யப் போகிறீர்கள்.

தருமபுரித் தண்ணீர் சொல்லித் தந்த பாடம்

எலும்பு கட்டும் செல்களை வெளியிலிருந்து தூண்டினால் என்ன ஆகும்? தருமபுரி மாவட்டத்து மாணவர்கள் இதற்கு விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. குடிநீரில் இருக்கும் புளோரைடு அதைத்தான் செய்கிறது.

இந்த மாவட்டத்தின் அடியில் இருப்பவை பழைமையான கடினப் பாறைகள். அவற்றிலுள்ள சில கனிமங்களில் புளோரைடு உண்டு. நிலத்தடி நீர் அப்பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும்போது புளோரைடு மெல்லக் கரைந்து நீரில் சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் இந்த அளவைத் தாண்டியிருந்தது.

இந்தியாவில் இந்த நோயை முதன்முதலாக விளக்கமாக எழுதியவர்கள் அன்றைய சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர்களே. 1937-ஆம் ஆண்டில் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் நெல்லூர் மாவட்டத்து மக்களிடையே கண்ட புளோரோசிஸ் நோயைப் பற்றி அறிக்கை வெளியிட்டார்கள். பற்களில் பழுப்புக் கறை, விறைத்த முதுகு, மடக்க முடியாத மூட்டுகள் ஆகியவை அந்நோயின் அடையாளங்கள்.

புளோரைடு எலும்புப் படிகத்துக்குள் நுழைந்து அங்குள்ள ஹைட்ராக்சில் தொகுதியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கூடவே, எலும்பு கட்டும் செல்களைத் தூண்டிப் பெருகவும் வைக்கிறது. எலும்பு தடிக்கிறது. எலும்பு இருக்கக்கூடாத தசைநார்களிலும் சுண்ணாம்பு படிகிறது. முதுகெலும்பு ஒரே கட்டையாக இறுகுகிறது.

"எலும்பு தடித்தால் உறுதி கூடுமே!" என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். எலும்புத் தேய்வுக்குப் புளோரைடையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று 1960-களிலிருந்து முயன்று பார்த்தார்கள். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எலும்புத் தேய்வு கொண்ட 202 பெண்களிடம் நான்கு ஆண்டுகள் சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 75 மில்லிகிராம் சோடியம் புளோரைடும் கால்சியமும். மற்றப் பிரிவினருக்குக் கால்சியம் மட்டும். முடிவு 1990-இல் வெளிவந்தது. புளோரைடு உண்டவர்களின் இடுப்பு முதுகெலும்பில் அடர்த்தி 35 சதவீதம் கூடியிருந்தது. ஆனால், முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவுகளோ கால்சியம் மட்டும் உண்டவர்களைப்போல் மூன்று மடங்கு! கல் நிறைய அடுக்கியிருந்தது, சுவர் நிற்கவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் 2008-இல் தொடங்கப்பட்டு 2013-இல் திறந்துவைக்கப்பட்டது. அதன் முழுப்பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. நல்ல நீர் வந்தால் புதிதாக நோய் வருவதைத் தடுக்கலாம். ஆனால், முப்பது நாற்பது ஆண்டுகள் பழைய நீரைக் குடித்து இறுகிப்போன மூட்டுகளைப் பழைய நிலைக்குத் திருப்பும் மருந்து கிடையாது. அந்த வலி உண்மையானது. அந்த வலியோடுதான் பாட்டி கடைக்குப் போகிறார்.

வலி போக்கும் ஹார்மோன் வந்த கதை

நம் இரு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பிபோல் ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. அட்ரினல் என்பது அதன் பெயர். அது சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் இல்லாமல் உயிர் வாழ முடியாது. நோய், பட்டினி, அதிர்ச்சி ஆகியவற்றைத் தாங்கும் ஆற்றலை நமக்குத் தருவது அதுதான். ஆனால், அது மிகுந்தால் கேடு. 1932-இல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் ஒரு நோயை விளக்கினார். வட்டமான முகம், பருத்த வயிறு, மெலிந்த கைகால்கள், எளிதில் நொறுங்கும் முதுகெலும்பு ஆகியவை அதன் குறிகள். உடலில் இந்த வகை ஹார்மோன் அளவுக்கு மீறுவதே காரணம் என்பது பின்னால் தெளிவாயிற்று.

1948-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 21-ஆம் நாள். முன்பு சொன்ன அதே மேயோ மருத்துவமனை. கீல்வாதத்தால் படுக்கையோடு முடங்கிய ஓர் இளம் பெண்ணுக்கு, பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் கார்ட்டிசோன் ஊசியைப் போடத் தொடங்கினார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது. 1950-இல் ஹென்ச்சுக்கும், வேதியியலறிஞர்களான கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், தொடர்ந்து மருந்து பெற்ற நோயாளிகளிடம் குஷிங் விளக்கிய வட்ட முகமும் நொறுங்கும் எலும்பும் தோன்றலாயின.

பிறகு வேதியியலறிஞர்கள் மூலக்கூற்றைச் சிறிது மாற்றி இன்னும் வலிமையான செயற்கை ஹார்மோன்களை உண்டாக்கினார்கள். பிரெட்னிசோன், பிரெட்னிசோலோன், டெக்சாமெதசோன், பீட்டாமெதசோன் ஆகியவை அவற்றுள் சில. பொதுப்பெயர் ஸ்டீராய்டு. 20 மில்லிகிராம் இயற்கைக் கார்ட்டிசால் செய்யும் வேலையை 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் செய்துவிடும். டெக்சாமெதசோனாக இருந்தால் 0.75 மில்லிகிராமே போதும். நம் அட்ரினல் ஒரு நாளில் சுரப்பது ஏறத்தாழ 10 மில்லிகிராம் கார்ட்டிசால். கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.5 மில்லிகிராம் டெக்சாமெதசோன் மாத்திரை ஒன்று, உடல் ஒரு நாள் முழுவதும் சுரப்பதைவிட அதிகமான கட்டளையைச் செல்களுக்கு இடுகிறது.

செல்லுக்குள் நடப்பது என்ன?

ஸ்டீராய்டு மூலக்கூறு செல்லின் சவ்வை எளிதாகக் கடந்து உள்ளே போகிறது. அங்கே தன்னை ஏற்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து உட்கருவுக்குள் நுழைகிறது. அங்குள்ள ஜீன்களில் சிலவற்றை முடுக்குகிறது, சிலவற்றை அடக்குகிறது. அழற்சியை மூட்டும் ஜீன்கள் அடங்குவதால் வீக்கமும் வலியும் குறைகின்றன. நல்லதுதான். ஆனால், அதே ஸ்டீராய்டு எலும்பு கட்டும் செல்களுக்குள்ளும் நுழைகிறதே!

அங்கே மூன்று தீமைகள் நேர்கின்றன. முதலாவது, மச்சையிலுள்ள மூலச் செல்கள் எலும்பு வழியை விட்டுக் கொழுப்பு வழியில் திருப்பப்படுகின்றன. ஆகவே, புதிதாகப் பிறக்கும் ஆஸ்டியோபிளாஸ்டுகள் குறைகின்றன. இரண்டாவது, ஏற்கெனவே வேலையிலிருக்கும் ஆஸ்டியோபிளாஸ்டுகளும் காவல் செல்களான ஆஸ்டியோசைட்டுகளும் காலத்துக்கு முன்பே மடிகின்றன. மூன்றாவது, எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்டுகளின் ஆயுள் நீள்கிறது. இடிப்பவர்களுக்குக் கூடுதல் நேரம், கட்டுபவர்களுக்கு வேலைநீக்கம் என்றால் கட்டடம் என்னவாகும்? போதாக்குறைக்கு, குடல் உணவிலிருந்து கால்சியத்தை உறிஞ்சுவதும் குறைகிறது.

நாம் விழுங்கும் பொருள் அப்படியே வேலை செய்வதும் இல்லை. உடல் அதை வேறு பொருள்களாக மாற்றுகிறது. இவ்வாறு உண்டாகும் பொருள்களை வளர்சிதை மாற்றப் பொருள்கள் என்று உங்கள் பாடநூல் சொல்லும். பிரெட்னிசோன் தன்னளவில் செயலற்றது. கல்லீரலிலுள்ள ஒரு நொதி அதைப் பிரெட்னிசோலோனாக மாற்றிய பிறகே அது மருந்தாகிறது. இதில் வியப்பு என்னவென்றால், அதே நொதி எலும்பு கட்டும் செல்லுக்குள்ளும் இருக்கிறது! செயலற்ற பொருளை அந்தச் செல் தானே செயலுள்ளதாக மாற்றி, தனக்குத் தானே தீங்கு தேடிக்கொள்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனித எலும்புச் செல்களை ஆய்ந்து 2002-இல் இன்னொன்றையும் சொன்னார்கள். வயது ஏற ஏற அந்த நொதியின் வேகமும் ஏறுகிறது. ஸ்டீராய்டு பட்டால் மேலும் ஏறுகிறது. ஆக, யாருடைய எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கிறதோ, அவருடைய எலும்பிலேயே ஸ்டீராய்டு அதிகமாக வேலை செய்ய வாய்ப்பிருக்கிறது.

ஆய்வுக்கூடத்துச் செல்லில் காண்பது மனிதரிடமும் நடக்கிறதா? 2000-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு பெரிய கணக்கெடுப்பு வெளியாயிற்று. ஸ்டீராய்டு மாத்திரை உண்ட 2,44,235 பேரை, உண்ணாத அதே எண்ணிக்கையினரோடு ஒப்பிட்டார்கள். நாளைக்கு 2.5 முதல் 7.5 மில்லிகிராம் வரை பிரெட்னிசோலோன் உண்டவர்களுக்கு முதுகெலும்பு முறியும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேல், 7.5 மில்லிகிராமும் அதற்கு மேலும் உண்டவர்களுக்கு ஐந்து மடங்கு. தொடங்கிய சில மாதங்களுக்குள்ளேயே ஆபத்து ஏறிவிட்டது. மருந்தை நிறுத்திய பின் அது இறங்கியது என்பதே ஆறுதல்.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கலாம். "புளோரைடு எலும்பு கட்டும் செல்லைத் தூண்டுகிறது, ஸ்டீராய்டு அடக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் சரியாகிவிடாதா?" கணக்கில் கூட்டலும் கழித்தலும் சேர்ந்து பூச்சியமாகலாம். எலும்பில் அப்படி ஆவதில்லை. புளோரைடால் ஒழுங்கு கெட்ட எலும்பைப் பழுது பார்க்க ஆள் வேண்டும். ஸ்டீராய்டு அந்த ஆளையே இல்லாமல் செய்கிறது.

ஹார்மோன் பகையா?

இவ்வளவு படித்ததும் ஸ்டீராய்டு என்றாலே நஞ்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது பெரிய தவறு. சிறுநீரகத்திலிருந்து புரதம் கசியும் குழந்தைகள், இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள், தொழுநோயின் நரம்பு அழற்சி கண்டவர்கள், மூச்சுத் திணறும் ஆஸ்துமா நோயாளிகள் என்று எத்தனையோ பேரின் உயிரையும் உறுப்பையும் இம்மருந்து காக்கிறது. 2020-இல் கோவிட் நோய் பரவியபோது பிரிட்டனில் நடந்த சோதனையில், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களின் சாவை டெக்சாமெதசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அளவு நாளைக்கு 6 மில்லிகிராம். காலம் அதிகம் போனால் 10 நாள். ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கோ அது பயன் தரவில்லை. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் வகுப்பில் ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து வைத்திருக்கும் நண்பர் இருக்கலாம். அதில் ஸ்டீராய்டின் அளவு மிகச் சிறிது. அதுவும் பெரும்பாலும் நுரையீரலோடு நின்றுவிடுகிறது. அவரைப் பயமுறுத்தி அதை நிறுத்த வைக்காதீர்கள்.

எலும்பைக் கட்ட உதவும் செயற்கை ஹார்மோனும் உண்டு. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் 84 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் முதல் 34 அமினோ அமிலங்களை மட்டும் தயாரித்து டெரிபாரடைடு என்று பெயரிட்டார்கள். 2002-இல் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. நாளைக்கு ஒருமுறை மட்டும் சிற்றளவு ஊசியாகப் போட்டால் எலும்பு கட்டும் செல்கள் சுறுசுறுப்படைகின்றன. ஆனால், அதே ஹார்மோன் இரவு பகலாக இரத்தத்தில் மிகுந்திருந்தால் எலும்பு அரிபடுகிறது! ஒரே பொருள், கொடுக்கும் முறை மாறினால் விளைவு தலைகீழ். இவ்வளவு நுட்பமான கட்டளைகளைப் பெயர்கூடத் தெரியாமல் காகிதத்தில் மடித்து வாங்குவது முறையா?

எதிர்வாதமும் என் விடையும்

"வலியால் துடிப்பவரிடம் எலும்புச் செல்லைப் பற்றிப் பேசலாமா? மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். கடை பக்கத்தில் இருக்கிறது; மாத்திரையோ மலிவு." இப்படிச் சொல்பவர்களின் வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. கடையைக் குறைசொல்லிவிட்டு வலியை அப்படியே விட்டுவிட்டால், அது ஏழைக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

ஆனால், மலிவு என்ற கணக்கு தவறு. இடுப்பெலும்பு முறிந்தால் எத்தனை நாள் கூலி போகும்? படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டு நிற்கப்போவது யார்? பல வீடுகளில் அது உங்கள் வயதுப் பெண் பிள்ளைதான்.

ஆகவே, என் கருத்து இரண்டு பக்கமும் பேசுகிறது. ஸ்டீராய்டு மருந்துகள் நம் நாட்டு மருந்து விதிகளின்படி, மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கப்பட வேண்டியவை. அந்த விதி தாளில் மட்டும் இருந்தால் போதாது, கடையிலும் நடக்கவேண்டும். அதே வேளையில் மூட்டுவலிக்கு மருத்துவமும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் வீட்டருகே கிடைக்க வேண்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து வீடு தேடி வருவதோடு, உடற்பயிற்சிச் சிகிச்சையும் அதில் ஓர் அங்கம். புளோரைடு பாதித்த ஊர்களில் இந்தப் பகுதியே முதலிடம் பெறவேண்டும் என்பேன்.

'மூலிகை மருந்து, பக்க விளைவு இல்லை' என்று விற்கும் பொடியையும் மாத்திரையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மூட்டுவலிக்கு இயற்கைச் சத்து மாத்திரை என்று விற்கப்பட்ட ஒன்றைச் சோதித்தது. உறையில் சொல்லாத டெக்சாமெதசோன் அதில் கலந்திருந்தது. இரண்டே நாளில் மாயம்போல் வலி போனால், மகிழ்வதற்கு முன் ஐயப்படுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

உங்கள் வீட்டில் மாத்திரை உறையைப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் நீங்கள்தான். ஆகவே, முதல் வேலை படிப்பது. பெயரின் முடிவு 'சோலோன்' என்றோ 'மெதசோன்' என்றோ இருந்தால் அது ஸ்டீராய்டாக இருக்கக்கூடும். உறையில்லாமல் பிரித்துக் கொடுக்கும் மாத்திரையை வாங்காதீர்கள். பெயரைக் கேளுங்கள், சொல்ல மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை மிக முக்கியமானது. பாட்டி பல வாரங்களாக ஸ்டீராய்டு உண்கிறார் என்று தெரிந்தால் அதைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டிருந்ததால் அட்ரினல் சுரப்பி உறங்கிப் போயிருக்கும். திடீரென நிறுத்தினால் மயக்கமும் உயிருக்கு ஆபத்தும் நேரலாம். மாத்திரையையும் பாட்டியையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். அளவை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

மூன்றாவது, உங்களைப் பற்றியது. உடம்பு தேற வேண்டும், கன்னம் பூசினாற்போல் வரவேண்டும் என்று இளம் வயதினர் சிலர் இதே மாத்திரைகளைத் தேடிப் போகிறார்கள். ஏறுவது தசையல்ல, நீரும் கொழுப்பும். வளரும் வயதில் ஸ்டீராய்டு உயரத்தையும் தடுக்கும்; வைப்புநிதி சேரும் நாளில் பணத்தை வாரி இறைப்பது போன்றது அது. கேழ்வரகு, பால், கீரை, வெயிலில் ஓடியாடும் விளையாட்டு இவைதாம் எலும்பு கட்டும் செல்களுக்கு நல்ல கட்டளைகள்.

நான்காவது, உங்கள் ஊரில் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். குழாய் நீரா, ஆழ்துளைக் கிணறா? குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் நீரைச் சோதிக்கலாம். ஆசிரியரின் துணையோடு உங்கள் பள்ளி அறிவியல் மன்றமே இதைச் செய்யலாம். வலியின் வேர் தண்ணீரில் இருந்தால், மாத்திரையால் அந்த வேரைக் கிள்ள முடியாது.

அடுத்த முறை தீர்த்தமலைக்குப் போகும்போது பாட்டியோடு மெதுவாக ஏறுங்கள். பத்துப் படிக்கு ஒருமுறை அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள். மேலே போய்ச் சேரச் சற்று நேரமாகும், ஆகட்டுமே! அந்த நேரத்தில் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பாட்டி, வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?"